வீக்கெண்ட்ல கடலுக்குள்ள போய் தூண்டில் போட கம்மி பட்ஜெட்ல என்ன போட்டு வாங்கலாம்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சென்னையில வேலை பாக்குறவங்க நெறைய பேர் இப்ப தூண்டில் பக்கம் வந்துட்டாங்க, முட்டுக்காட்டுல கரையில நின்னு கொடுவா புடிச்சி பழகிட்டு அடுத்து கடலுக்குள்ள போகணும்னு ஆசை வந்துடுது. நாங்க மூணு பேர் சேர்ந்து கோவளத்துக்கு தெக்க ஒரு மீனவ ஊர்ல பழைய பைபர் போட்டு ஒன்னு வச்சிருக்கோம், ஏழெட்டு வருஷமா ஞாயித்துக்கெழமை போறோம். எங்ககிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்களுக்கு இங்க பதில் எழுதி வைக்கிறேன்.

கம்மி காசுல நல்ல போட்டு எது, ஒரே ஒரு பேர் சொல்லுங்க?

பேர் சொல்ல முடியாது, ஏன்னா நீங்க எந்த கரையில எறக்கி எந்த கரையில ஏத்தப் போறீங்கன்றதுதான் போட்ட முடிவு பண்ணும். எல்லாரும் மீன நெனச்சி, தூரத்த நெனச்சி போட்டு பாக்குறாங்க, ஆனா சென்னையில இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் இருக்குற தெறந்த கரையில ஆபத்தான எடம் நடுக்கடல் கெடையாது, அலை ஒடையிற அந்த முதல் நூறு இருநூறு மீட்டர்தான். பொதுவா அலையோட ஒசரத்த விட தண்ணி ஆழம் ஒன்னேகால், ஒன்னரை மடங்குக்கு கம்மியா வர்ற எடத்துல அலை ஒடையும், அதாவது ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்துல விழும், உங்க ப்ரொப்பெல்லர் மணல்ல இடிக்கலாமா வேணாமான்னு இருக்குற அதே எடம் அது. அந்த எடத்த தாண்டி போகவும், களைச்சி போய் திரும்பி வரும்போது அதே எடத்துல உள்ள நுழையவும் எந்த போட்டு ஒத்துழைக்குமோ அதுதான் உங்களுக்கு நல்ல போட்டு. மத்ததெல்லாம் அப்புறம்.

அப்போ எந்த கரைக்கு எந்த மாதிரி?

ஈசிஆர் மாதிரி நேரா மணல்ல எறக்குற கரைன்னா, அந்த ஊர்க்காரங்க ஓட்டுற அதே டைப் பைபர் போட்டுதான். அணியம், அதான் முன்பக்கம், நல்லா தூக்கி கூரா இருக்கும், அடிப்பக்கம் மணல்ல இழுக்குற மாதிரி இருக்கும், பத்து பேர் தோள் குடுத்தா தள்ளிடலாம் இல்ல டிராக்டர் வச்சி ஏத்திடலாம். இதெல்லாம் சும்மா வந்த டிசைன் இல்ல, 1979ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச வங்காள விரிகுடா திட்டம்ன்ற சர்வதேச மீன்பிடி திட்டத்துல கரையில எறக்குற போட்டுக்குன்னே ஆராய்ச்சி பண்ணாங்க, அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான வருஷமா கட்டுமரம் இதே அலையத்தான் தாண்டிட்டு இருந்துச்சு. 2004 சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் போன எடத்துல பைபர் போட்டு வந்து உக்காந்துச்சு.

காசிமேடு மாதிரி துறைமுகத்துக்குள்ள கட்டிப் போட எடம் கெடைச்சா கதையே வேற, கனமான போட்டு, பெரிய இஞ்சின் எல்லாம் வச்சிக்கலாம், ஆனா எடம் கெடைக்கிறது ரொம்ப கஷ்டம். பழவேற்காடு மாதிரி முகத்துவாரம் வழியா போறவங்களுக்கு மணல் திட்டு எப்ப எங்க மாறும்னு தெரியாது, அங்க தண்ணி வடியிற நேரத்துல எதிர் அலை நிமிந்து நிக்கும், உள்ளூர் ஆள் இல்லாம போகவே போகாதீங்க. பாக் ஜலசந்தி பக்கம், தொண்டி மல்லிப்பட்டினம் மாதிரி எடத்துல கடல் ஆழம் கம்மி, பெருசா அலை ஒடையாது, அங்க தட்டையான சின்ன போட்டே போதும். ஆனா அங்க காத்து கிளம்புனா குட்டை குட்டையா அலை நெருக்கமா வந்து முதுகெலும்ப ஒடச்சிடும்.

எத்தனை அடி வாங்கணும்?

மூணு நாலு பேருக்கு 20ல இருந்து 24 அடி. தொழிலுக்கு போறவங்க 28, 30 அடி வச்சிருக்காங்க, அது வலை ஏத்தவும் அஞ்சு ஆறு பேர் போகவும், நீங்க அத வாங்குனீங்கன்னா ஒவ்வொரு தடவையும் கரையேத்த ஊரக் கூப்புடணும். 18 அடிக்கு கீழ போனா காத்து கொஞ்சம் ஏறுனதும் பொருத்தம் இல்லாம போயிடும், கரையில இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்லயே சுத்திட்டு வரணும். நீளத்த விட நான் முக்கியமா பாக்குறது போட்டு விளிம்பு தண்ணிக்கு மேல எவ்ளோ ஒசரம் இருக்குன்றதுதான். ஆளு, பெட்ரோல், ஐஸ் பெட்டி எல்லாம் ஏத்துன அப்புறம் பாக்கணும், காலி போட்ட பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. நின்னுட்டு மீன் இழுக்கும்போது விளிம்பு உங்க முட்டிக்கு மேல வந்தா பயம் இல்லாம சாயலாம்.

புதுசு வாங்கலாமா, செகண்ட் ஹேண்டா?

போட்டு பாடி செகண்ட் ஹேண்ட், இஞ்சின் முடிஞ்சா புதுசு. நாங்க அப்படித்தான் பண்ணோம், காசு மொத்தத்துல பாதிக்கு மேல இஞ்சினுக்கே போச்சு, அதுல எங்களுக்கு இன்னி வரைக்கும் வருத்தம் இல்ல. பைபர் பாடி பத்து பதினஞ்சு வருஷம் ஆனாலும் ரிப்பேர் பண்ணிக்கலாம், கரையிலயே அந்த வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க. உப்புத்தண்ணியில கவனிக்காம விட்ட இஞ்சின எந்த மெக்கானிக்கும் பழைய நெலைக்கு கொண்டு வர முடியாது.

பழைய பாடி பாக்கும்போது வெளிப்பக்கம் பெயிண்ட் வெளுத்திருக்குன்னு கவலப்படாதீங்க, வெயில்ல அப்படித்தான் ஆகும். குனிஞ்சி அடிப்பாகத்த பாருங்க. நம்ம கரை போட்டுங்களுக்கு முக்கியமான நோய் மணல் தேய்ச்சல், நடுமுதுகு மாதிரி ஓடுற அடிக்கட்டை தேய்ஞ்சி உள்ள இருக்குற கண்ணாடி நார் வெள்ளையா தெரிஞ்சா தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சிருக்கும். அடுத்து இஞ்சின் மாட்டுற பின்பலகை. பெரும்பாலும் உள்ள மரம், மேல பைபர், போல்ட் ஓட்டை வழியா தண்ணி போய் மரம் மக்கியிருக்கும், வெளிய பளபளன்னு இருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியால தட்டிக்கிட்டே வாங்க, டக் டக்குன்னு வர்ற சத்தம் ஒரு எடத்துல தொம்முனு மந்தமா மாறுனா அங்க பிரச்சனை. இஞ்சின் மாட்டியிருந்தா அதோட அடிக்கால புடிச்சி மேலயும் கீழயும் ஆட்டுங்க, பலகை கூடவே அசைஞ்சா காச எடுத்து உள்ள வச்சிட்டு வந்துடுங்க.

இன்னொன்னு, போட்டு கரையில இருக்கும்போதே உள்ள பத்து பன்னெண்டு குடம் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் காத்திருங்க. எங்க ஈரம் கசியிதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. விக்கிறவரு இதுக்கு ஒத்துக்கலன்னா அதுவே உங்களுக்கு பதில். உள்ள மிதப்புக்கு வச்ச தெர்மாகோல் மாதிரி ஃபோம் தண்ணி குடிச்சி கனமாயிருக்கான்னும் பாக்கணும், ஒரே சைஸ் பக்கத்து போட்ட தூக்க எட்டு பேரு, இதத் தூக்க பன்னெண்டு பேருன்னா அதுதான் காரணம்.

எத்தனை ஹெச்பி இஞ்சின்?

இதுலதான் அதிகமா காசு வீணாகுது. 24 அடி போட்டுக்கு 9.9 ஹெச்பி அவுட்போர்டு, அதான் பின்பலகையில வெளிய மாட்டுற இஞ்சின், போட்டா மெதுவா ஆறு ஏழு நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துல போகும், அதுக்கு மேல எவ்ளோ முறுக்குனாலும் தண்ணிய தள்ளிட்டுதான் இருக்கும், வேகம் ஏறாது, போட்டோட நீளமே அந்த எல்லைய வச்சிருக்கு. அத தாண்டி தண்ணி மேல எழும்பி ஓடணும்னா 25ல இருந்து 40 ஹெச்பி வேணும், போட்டும் கனம் கம்மியா இருக்கணும். சனிக்கெழமை மட்டும் போறவங்களுக்கு 25 சரியா இருக்கும்னு நெனைக்கிறேன். அலை ஒடையிற எடத்துல தேவைப்படுற அந்த பத்து செகண்ட் இழுவைக்கு 9.9 பத்தாது, 40 போட்டா பின்பக்கம் கனம் ஏறி உக்காந்துடும், நாலு பேர் சேந்தாலும் கழட்டி தூக்கிட்டு போறது கஷ்டம்.

டூ ஸ்ட்ரோக் கனம் கம்மி, கரை மெக்கானிக்குக்கு கண்ண மூடிட்டு பிரிக்கத் தெரியும், ஆனா பெட்ரோல் குடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் கனம் ஜாஸ்தி, பெட்ரோல் மிச்சம், சத்தம் கம்மி, நாள் முழுக்க மெதுவா ட்ரோலிங், அதாவது ஓடுற போட்டுக்கு பின்னாடி தூண்டில இழுத்துட்டு போறது, பண்றவங்களுக்கு அதுதான் நல்லது. நீளத் தண்டு டீசல் இஞ்சின் விலையும் செலவும் கம்மி, தொழில்காரங்களுக்கு அது வரம், ஆனா அந்த அதிர்வுலயும் சத்தத்துலயும் அரை நாள் உக்காந்து பழக்கம் இல்லாதவங்க அடுத்த வாரம் வர மாட்டாங்க.

எந்த பிராண்டுன்னு கேட்டா நான் திருப்பி ஒரு கேள்வி கேப்பேன், உங்க கரையில எந்த பிராண்ட் ஸ்பேர் ஞாயித்துக்கெழமை காலைல ஆறு மணிக்கு கெடைக்கும்? யமஹாவா, சுசுகியா, அந்த ஊர்ல எது ஜாஸ்தி ஓடுதோ அத வாங்குங்க.

பெட்ரோல் எவ்ளோ ஆகும்?

தோராயமா ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஃபுல் த்ராட்டில்ல ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.38 லிட்டர் கிட்ட குடிக்கும், 25 ஹெச்பின்னா ஒம்போதரை லிட்டர். முக்கால்ல ஓட்டுனா ஏழுன்னு வச்சிக்கலாம். கரையில இருந்து 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீட்டர் கிட்ட, பத்து நாட் வேகத்துல போக ஒன்னரை மணி வர ஒன்னரை மணி, 21 லிட்டர். அங்க மூணு மணி நேரம் ட்ரோலிங்குக்கு மணிக்கு மூணுன்னு 9 லிட்டர். மொத்தம் 30. ஆனா எடுத்துட்டு போக வேண்டியது 45, ஏன்னா கணக்கு போட்ட பெட்ரோல் மூணுல ரெண்டு பங்காத்தான் இருக்கணும், மூணாவது பங்கு எதிர்காத்துக்கும் எதிர் நீரோட்டத்துக்கும் வழியில நிக்கிற இன்னொரு போட்ட இழுத்துட்டு வரவும். அந்த மூணாவது பங்குல கை வச்சி மீன் தொரத்துறவங்களோட நான் போறதில்ல.

இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்த இழுக்கும், ரெண்டு வாரம் கேன்ல கடக்கரையில கெடந்தா அடியில தண்ணி தனியா பிரிஞ்சி நிக்க வாய்ப்பு இருக்கு. அதனால மிஞ்சுன பெட்ரோல வீட்டு பைக்குல ஊத்திடுங்க, போட்டுல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒன்னு கட்டாயம் மாட்டுங்க.

காத்தடிக்கிற ரப்பர் போட்டு, கயாக் இதெல்லாம்?

கயாக் கரைக்கு பக்கத்துல அமைதியான காலைல நல்லா இருக்கும், அதையே ஆழ்கடலுக்கு எடுத்துட்டு போறேன்னு சொல்லாதீங்க. ரப்பர் போட்டு முழுகாது, கார்ல போகும், அலை தாண்டவும் நல்லது. ஆனா நம்ம வெயில் பசைய உரிச்சிடும், தூண்டில் கொக்கியும் வஞ்சிரத்தோட பல்லும் சுறாவோட தோலும் அதுக்கு எதிரி.

லைசன்ஸ், பதிவு ஏதாவது வேணுமா?

வேணும். மீன்பிடி போட்டுங்கள மாநில மீன்வளத்துறையில பதிவு பண்ணி நம்பர் எழுதியிருக்கணும், பழசு வாங்கும்போது அந்த பதிவு புத்தகத்த உங்க கையில வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. மீனவர்களுக்கு மானியத்துல குடுத்த இஞ்சினா போட்டான்னும் கேளுங்க, அத வேற ஆளுக்கு கை மாத்துறதுல சிக்கல் வரும். மீனவர் இல்லாதவங்க பொழுதுபோக்குக்கு வச்சிக்கிற போட்டுக்கு விதி வேற மாதிரி, அதனால காசு குடுக்குறதுக்கு முன்னாடியே உங்க மாவட்ட மீன்வளத்துறை ஆபீஸ்ல நேர்ல போய் எழுதிக் குடுத்து கேட்டுடுங்க.

கெழக்கு கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். முக்கியமா விசைப்படகுங்களுக்குத்தான், ஆனா நாங்க அந்த ரெண்டு மாசமும் போட்ட கரையில கவுத்து பெயிண்ட் அடிக்கிறோம், மீன் முட்டை போடுற காலம்னு சொல்லித்தான் ஊரே அடுப்பக் கொறச்சிட்டு உக்காந்திருக்கு, விளையாட்டுக்கு போற நாம அப்ப போறது எனக்கு நியாயமா படல. கல்பாக்கம் அணுமின் நிலையத்த சுத்தி உள்ள போகக்கூடாது, ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுற நாள்ல பழவேற்காடு பக்கம் போகக்கூடாது, மன்னார் வளைகுடாவுல 21 தீவும் அத சுத்தியுள்ள பவளப்பாறையும் தேசியப் பூங்கா. ராமேஸ்வரம் பக்கம் ஜிபிஎஸ் இல்லாம போகவே கூடாது, இலங்கையோட 1974லயும் 1976லயும் போட்ட ஒப்பந்தத்துல வந்த எல்லைக்கோடு அங்க ரொம்ப பக்கத்துல இருக்கு. ஆதார் கார்டு எல்லார்கிட்டயும் இருக்கணும், கடலோர காவல்காரங்க கேப்பாங்க.

மீனவ ஊர்ல போட்டு வைக்க விடுவாங்களா?

ஊர் பஞ்சாயத்துல போய் கேக்கணும், நெலம் யாருதுன்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து நிறுத்துற எடம் இல்ல அது. நாங்க முதல் ரெண்டு வருஷம் போட்டே வாங்கல, ஒரு அண்ணனோட போட்டுல அவருக்கு ஒரு நாள் கூலியும் பெட்ரோலும் குடுத்து போனோம், அப்பதான் ஊர்ல நம்மள தெரிஞ்சிது. இப்பவும் அவரு இல்லாம, இல்ல அவரு தம்பி இல்லாம போறதில்ல. கரையில வலை காயும்போது மேல நடக்காதீங்க, புடிச்ச மீன கரையில விக்காதீங்க, அது அவங்க பொழப்பு. ஊர்ல சாவு, திருவிழான்னா கடலுக்கு போகாத கட்டுப்பாடு இருக்கும், அது நமக்கும் உண்டு.

பாதுகாப்புக்கு என்னென்ன வாங்கணும்?

ஒரு ஆகஸ்ட் மாசம் எட்டு கடல் மைல் வெளிய இருக்கும்போது எங்க பெட்ரோல் ஹோஸ்ல இருக்குற பம்ப் பல்பு, அதான் கையால அமுக்கி பெட்ரோல் ஏத்துற ரப்பர் உருண்டை, வெடிப்பு விட்டுடுச்சு, இஞ்சின் நின்னுடுச்சு. கடல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, யாருக்கும் பயமே வரல. ஆனா அது கச்சான் காத்து, மேற்குல இருந்து கரைய விட்டு வெளிய தள்ளுற காத்து, கரையோரம் கடல அமைதியா காட்டுறதே அதுதான். நங்கூரம் போட்டோம், ஆழம் 35 மீட்டர், எங்க கயிறு 40 மீட்டர், நங்கூரம் அடியில தொட்டுட்டு தொட்டுட்டு வந்துச்சு, புடிக்கவே இல்ல. கயிறு ஆழத்துக்கு அஞ்சு மடங்கு இருந்தாத்தான் நங்கூரம் படுத்து மண்ண புடிக்கும். ரெண்டரை மணி நேரத்துல கரையில இருந்த மாடிக் கட்டடங்க எல்லாம் மறைஞ்சி போச்சு, போன் சிக்னல் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. வலை எடுத்துட்டு வந்த பக்கத்து ஊர் போட்டு ஒன்னு பாத்து, வலைய பாதியில விட்டுட்டு எங்கள இழுத்துட்டு வந்தாங்க. காசு குடுத்தப்ப வாங்கல.

அன்னிக்கு அப்புறம் எங்க போட்டுல இருக்குறது: ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், போட்டுக்கிட்டுதான் இருக்கணும், மூட்டையில கெடந்தா இல்லாத மாதிரி. ஸ்பேர் ஹோஸ், பல்பு, ஸ்பார்க் பிளக், ப்ரொப்பெல்லர் பின். 200 மீட்டர் கயிறு, அடியில ரெண்டு ஆள் நீளத்துக்கு சங்கிலி. வாட்டர்ப்ரூஃப் விஎச்எஃப் வாக்கி டாக்கி, ஆபத்துன்னா கூப்புடுறது சேனல் 16ல. கையில புடிக்கிற ஜிபிஎஸ், போன் தவிர தனியா. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி, கண்ணாடி ஒன்னு வெளிச்சம் காட்ட, ரெண்டு துடுப்பு. இஞ்சின் ஓட்டுறவரு கையில கில் ஸ்விட்ச் கயிறு, அதான் இழுபட்டா இஞ்சின நிறுத்துற கயிறு, கட்டாம ஒரு அடி நகரக்கூடாது, அவரு தண்ணியில விழுந்து இஞ்சின் ஓடிட்டே இருந்தா போட்டு வட்டம் அடிச்சி அவரு மேலயே வரும். கடலோர காவல்படை நம்பர் 1554, கரையில இருக்குற ஒரு ஆள்கிட்ட எத்தன மணிக்கு திரும்புவோம்னு எழுதிக் குடுத்துட்டு போங்க. வெளிநாட்டு வீடியோ பாத்து சாட்டிலைட் போன் வாங்கிட்டு வந்துடாதீங்க, நம்ம நாட்டுல அனுமதி இல்லாம வச்சிருந்தா கேஸ் ஆகும்.

எந்த மாசம் போகலாம்?

ஜனவரி கடைசியில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும்தான் புதுசா போறவங்களுக்கு. ஜூன் பாதியில இருந்து செப்டம்பர் வரைக்கும் காலைல போய் மத்தியானம் கடக்காத்து ஏறுறதுக்குள்ள வந்துடணும், கச்சான் பத்தி மேல சொன்னத மறக்காதீங்க. அக்டோபர் நவம்பர் டிசம்பர் வாடைக்காத்து, புயல், அப்ப கரையில ஒக்காந்து ரீல் பிரிச்சி கிரீஸ் போடுங்க. 2017 நவம்பர் 30ல ஓக்கி புயல் வந்தப்ப கன்னியாகுமரி பக்கத்துல பரம்பரையா கடல் தெரிஞ்சவங்களே திரும்பல. ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ன்ற மத்திய அரசு கடல் தகவல் மையத்துல அலை, காத்து முன்னறிவிப்பு தமிழ்லயும் குடுக்குறாங்க, மீன் கூடுற எடமும் சொல்றாங்க, ரெண்டும் எலவசம். அத முந்தின நாள் ராத்திரி பாருங்க, காலைல கரைக்கு போய் ஊர் போட்டுங்க எறங்குச்சான்னு பாருங்க. அவங்க எறங்கலன்னா அன்னிக்கு இட்லி சாப்ட்டு வீட்டுக்கு போயிடுறோம்.

என்ன மீன் கெடைக்கும்?

ட்ரோலிங்ல சூரை, வஞ்சிரம், சீலா, கடல் விரால், அதிர்ஷ்டம் இருந்தா மயில் மீன். அடியில பார், அதான் கடலடி பாறைத்திட்டு, இருக்குற எடத்துல கலவா, பாறை மீன். மயில் மீன திருப்பி விட்டுடுங்க. ஆமை மாட்டுனா கொக்கிய நறுக்கிட்டு உடனே விடணும், ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட நம்ம கரைக்குத்தான் வருது, அந்த மாசத்துல கரைக்கு பக்கத்துல வேகத்த கொறச்சிடுங்க, ப்ரொப்பெல்லர் பட்டா ஓடு பொளந்துடும்.

வாங்குன அப்புறம் வருஷத்துக்கு செலவு?

இஞ்சின் சர்வீஸ், கியர் ஆயில், இஞ்சினுக்கு பதிலா உப்புத்தண்ணியில அரிச்சிப் போறதுக்குன்னு மாட்டுற துத்தநாகக் கட்டை, அடிப்பாகத்துக்கு ஒரு தடவை பைபர் கோட்டிங், டிராக்டர் காசு, காவல் காக்குற பையனுக்கு மாசக் காசு. ஒவ்வொரு தடவையும் திரும்புனதும் நல்ல தண்ணியில இஞ்சின பத்து நிமிஷம் ஓட்டி கழுவுங்க, கழுவும்போது சைடுல சின்ன குழாய்ல தண்ணி பீச்சி வருதான்னு பாருங்க, கியர் ஆயில் பால் கலர்ல வந்தா சீல் போச்சுன்னு அர்த்தம். வருஷத்துக்கு பதினஞ்சு தடவைக்கு கம்மியாத்தான் போவீங்கன்னா, கணக்கு போட்டு பாத்தா வாடகைக்கு ஊர் போட்டுல போறதுதான் லாபம், அந்த அண்ணனுக்கும் அது ஒரு வருமானம்.